பத்தியத்தில் விட்டுப்போன பாதி

பிசியோ படிக்கிற பிள்ளைகளே, ஓய்வு பெற்ற ஒருத்தியைப் பேசக் கூப்பிடும் முன் நீங்கள் கொஞ்சம் யோசித்திருக்க வேண்டும். கூப்பிடுகிறவர்கள் பத்து நிமிடம் பேசுவாள் என்று நினைப்பார்கள். வருகிறவளிடம் ஒரு வாழ்நாள் கதை இருக்கும். ஈப்போவில் ஒரு மருத்துவமனையின் பிசியோ பிரிவில் ஊரார் மூட்டுகளையெல்லாம் நீட்டி மடக்கிவிட்டு, என் முட்டி இரண்டையும் தேய்த்துக்கொண்டு வெளியே வந்தவள் நான். இப்போது நான் நொண்டுவதைப் பார்த்து, பழைய நோயாளிகள் கடைத்தெருவில் நிறுத்தி வைத்து எனக்குப் பயிற்சி சொல்லித் தருகிறார்கள். அந்தக் காலத்தில் அவர்கள் தலையாட்டியது போலவே நானும் தலையாட்டிவிட்டு வந்துவிடுகிறேன்.

மார்பக அறுவைக்குப் பிறகு தோளை எப்படி அசைப்பது, எந்த அளவுக்குத் தூக்கலாம் என்பதெல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அதைப் பற்றி நான் பேசப்போவதில்லை. உங்கள் பாடப் புத்தகத்தில் படம் போடாமல் விட்டுவிட்ட ஓர் உறுப்பைப் பற்றிப் பேசப்போகிறேன். அதன் பெயர் மாமியார்.

மல்லிகா கோப்பெங்கிலிருந்து எங்களிடம் வந்தாள். நாற்பதைத் தாண்டியவள், பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவள். புற்றுநோய் என்று வலது மார்பை எடுத்திருந்தார்கள். அக்குளில் இருந்த நிணநீர் முடிச்சுகளையும் சேர்த்து எடுத்திருந்தார்கள். மருந்து ஏற்றுவது, கதிர் வைப்பது எல்லாம் முடிந்து, "நோய் இல்லை, நன்றாக இருக்கிறீர்கள்" என்று டாக்டர் வாழ்த்தி அனுப்பியிருந்தார். அந்த நன்றாக இருக்கிற பெண்ணால் வலது கையைத் தோள் உயரத்துக்குக்கூடத் தூக்க முடியவில்லை. அக்குளிலிருந்து முழங்கை வரை எரிச்சல். இரவில் பொட்டுத் தூக்கம் இல்லை. நோய் போய்விட்டது என்றால் ஆள் சரியாகிவிட்டாள் என்று அர்த்தம் இல்லை என்பதை எங்கள் பிரிவின் வாசலில் எழுதியே மாட்டியிருக்கலாம்.

கூடவே மாமியார் வந்தார். எழுபதைக் கடந்தவர், ஒல்லியான உறுதியான உடம்பு. தோட்டத்தில் பால்வெட்டு வேலை செய்தவர். ரப்பர் மரங்களைச் சாய்த்து அங்கே வீடுகள் கட்டிய பிறகு, கோப்பெங்கில் மகன் வீட்டுக்கு வந்துவிட்டார். அந்த மகன் கேமரன் மலையிலிருந்து காய்கறி லாரி ஓட்டுகிறவர். வாரத்தில் பாதி நாள் வீட்டில் இருக்க மாட்டார். அதனால் மல்லிகாவுக்குத் தாதி, சமையல்காரி, காவல்காரி எல்லாம் இந்த அம்மாதான். அதோடு பேச்சாளரும் அவரே. மல்லிகாவிடம் நான் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் அவரிடமிருந்துதான் பதில் வந்தது. ஆஸ்பத்திரியில் வேலை செய்கிற பெண்கள் எல்லோரும் அவருக்கு மிஸ்ஸிதான்.

"வலி எப்படிம்மா இருக்கு?"

"ரொம்ப வலிக்குது மிஸ்ஸி. நான் கையத் தூக்கவே விடறதில்ல."

"தூக்கம்?"

"ராத்திரி தூங்க மாட்டேங்குறா. அதனால பகல்ல நல்லா தூங்க வச்சிடறேன். ஒரு வேல விடறதில்ல. தண்ணி டம்ளர்கூட நான்தான் எடுத்துக் குடுக்கறேன்."

இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் பெருமை. நம் தொழிலில் கெட்டவர்களைச் சமாளிப்பது சுலபம். அன்பானவர்கள்தான் ஆபத்து.

அவரை மருந்தகத்துக்கு நம்பர் எடுக்க அனுப்பி வைத்தேன். மருந்தகத்து வரிசையை எல்லோரும் திட்டுகிறார்கள். நோயாளியிடம் தனியாகப் பேச நமக்குக் கிடைக்கும் ஒரே அவகாசம் அதுதான் என்பதை யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை.

கதவு சாத்தியதும் மல்லிகா நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"அக்கா, உயிர டாக்டருங்க பாத்துக்குவாங்க. நீங்க என் வேன மட்டும் திருப்பிக் குடுங்க."

அந்த வேன் அவள் சொந்த உழைப்பில் வாங்கியது. கோப்பெங்கிலிருந்து சிம்பாங் பூலாய் வரைக்கும் பிள்ளைகளை ஏற்றி இறக்குவாள். இப்போது கொழுந்தன் ஓட்டிக்கொண்டிருந்தான்.

"புது வருசம் ஸ்கூல் தொறக்கறப்ப நான் சீட்டுல உட்காரலன்னா, ஒரேயடியா அவரு பேருக்கே மாத்திடலாம்னு வீட்ல பேச்சு அக்கா. 'அண்ணி, நீங்க ரெஸ்ட் எடுங்க'ங்கறாரு. ரொம்ப நல்லவருலா."

நல்லவர் என்ற சொல்லை அவள் கடித்துத் துப்பிய விதத்தில் எனக்கு அவளைப் பிடித்துப்போனது.

"வீட்ல என்ன சாப்பிடறே?"

"சுறாப் புட்டு. பூண்டுக் குழம்பு. கருவாடு. மாத்தி மாத்தி அதேதான்."

"நல்லதுதானே."

"சுறாப் புட்டு பால் ஊறத்தானே அக்கா குடுப்பாங்க?"

சொல்லிவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தாள். சிரித்தால் தையல் போட்ட இடம் இழுக்கிறது. இடது கையால் நெஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டு மேலும் சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வழிந்தது. அது எதற்கான தண்ணீர் என்று நான் கேட்கவில்லை. எனக்கும் வந்துவிடும் போலிருந்தது.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அந்த அம்மாவுக்குப் பெண்ணுடம்பைத் தேற்றத் தெரிந்த வழி ஒன்றுதான்: பிள்ளைப்பேற்றுப் பத்தியம். தோட்டத்தில் எத்தனையோ பெண்களுக்கு அவர்தான் பார்த்திருக்கிறார். மார்பில் ஏதோ நடந்து ஒருத்தி ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்தால், அவர் கை தானாகப் பூண்டு உரிக்கப் போகிறது. குளிர்ந்த தண்ணீர் ஆகாது. காற்றாடி ஆகாது. மலாய்க்காரப் பெண்கள் பிள்ளை பெற்ற வயிற்றைச் சுற்றிக் கட்டுகிற நீளத் துணி, பெங்கோங், அதையும் அவர் விடவில்லை. வயிற்றுக்குப் பதிலாக மருமகளின் நெஞ்சோடு கையையும் சேர்த்துக் கட்டியிருந்தார். பிள்ளை பெற்றவளுக்காவது நாற்பது நாளில் விடுதலை உண்டு. மல்லிகா மாதக்கணக்கில் பெறாத பிள்ளைக்குப் பத்தியம் இருந்தாள்.

நான் என்ன செய்தேன்? நம் எல்லோரையும் போல விளக்கினேன். கை அசைய வேண்டும், கட்டக் கூடாது, அசையாத தோள் இறுகிப்போகும், இறுகினால் வலி கூடும் என்று தெளிவாகச் சொன்னேன். அந்த அம்மா ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். தலையாட்டினால் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள் பிள்ளைகளே. இவள் எப்போது பேசி முடிப்பாள் என்ற பிரார்த்தனையும் அப்படித்தான் இருக்கும். வீட்டுக்குப் போய் அவர் பாட்டுக்குப் பூண்டு உரித்தார்.

மல்லிகா மட்டும் யாருக்கும் தெரியாமல் குளியலறைச் சுவரில் விரல்களை நகர்த்தி நகர்த்திக் கையை ஏற்றிப் பழகினாள். தப்புச் செய்கிறவள் போலக் கதவைத் தாழிட்டுக்கொண்டு உடற்பயிற்சி செய்த ஒரே நோயாளி அவள்தான். கை கொஞ்சம் மேலே போக ஆரம்பித்தது. தூக்கம் மட்டும் வரவில்லை.

"பகல் பூரா எல்லாரும் தூங்கு தூங்குங்கறாங்க அக்கா. ராத்திரியானா எல்லாரும் தூங்கிடறாங்க. நானும் வலியும் மட்டும் முழிச்சிருக்கோம்."

அப்படி இருக்கும்போதுதான் ஒரு நாள் மதியம் குடும்பமே வந்து நின்றது. மல்லிகாவின் வலது கை வீங்கிச் சிவந்திருந்தது. தொட்டால் கொதித்தது. உடம்பும் சுட்டது. மாமியார் சுவரோரம் நின்றார். கொழுந்தன் முன்னால் வந்தான்.

"மிஸ்ஸி, நீங்க கையப் புடிச்சு இழுத்துத்தான் இப்படி ஆயிருச்சு. அம்மா அப்பவே சொன்னாங்க, ஆட்டக் கூடாதுன்னு. யாரு கேட்டீங்க? இனிமே அண்ணி இங்க வர வேணாம். வேனும் வேணாம், ஒன்னும் வேணாம். பேசாம வீட்ல கெடக்கட்டும்."

காத்திருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். நான் மல்லிகாவின் கையைத் திருப்பினேன். மேற்கையின் உள்பக்கம், அக்குளுக்குச் சற்றுக் கீழே, வட்டமாக ஒரு சூட்டுப் புண். கல்லைச் சுட வைத்துத் துணியில் சுற்றி ஒத்தடம் கொடுப்பதும் அந்தப் பத்தியத்தில் சேர்த்திதான். நிணநீர் முடிச்சுகளை எடுத்த கைக்கு அந்தச் சூடு ஆகவே ஆகாது. அந்த இடத்தில் பாதி மரத்துப்போயிருக்கும். சுட்டதே அவளுக்குத் தெரிந்திருக்காது. பக்கத்தில் நின்ற என்னோடு வேலை பார்க்கிறவள் காதோடு சொன்னாள், "அக்கா, சூடு வச்சிருக்காங்க. சொல்லுங்க, எல்லாருக்கும் கேக்கட்டும்."

சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. நம் மேல் பழி போடுகிறவனின் வாயை ஒரே வாக்கியத்தில் அடைக்கிற வாய்ப்பு இந்த வேலையில் அடிக்கடி கிடைக்காது. மாமியாரைப் பார்த்தேன். அவர் தன் உள்ளங்கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

உங்களுக்கு நான் இரண்டே விஷயம் சொல்வேன். கை சிவந்து வீங்கி, காய்ச்சலும் இருந்தால் வாதாடாதீர்கள். வாதாட நாளைக்கும் நேரம் இருக்கும். இன்னொன்று, யார் குற்றம் என்று சொல்லும் முன், குற்றவாளியை விட்டால் நோயாளிக்கு வேறு யார் இருக்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

"என்னைத் திட்டறத அப்புறம் திட்டுங்க தம்பி. மொதல்ல சக்கர நாற்காலியத் தள்ளுங்க. இப்பவே டாக்டரப் பாக்கணும்" என்றேன். திட்ட வந்தவன் கையில் ஒரு வேலையைக் கொடுத்தால் பாதிக் கோபம் அதிலேயே கரைந்துவிடும். தள்ளினான். டாக்டர் அறைக்குள் போய் அவரிடம் மட்டும் புண்ணைக் காட்டி நடந்ததைச் சொன்னேன். கிருமி தொற்றியிருந்தது. அன்றே வார்டில் சேர்த்து மருந்து ஏற்றினார்கள்.

வெளியே நடைவழி நாற்காலியில் மாமியார் தனியாக உட்கார்ந்திருந்தார். நானும் போய் உட்கார்ந்தேன்.

"கல்லுல நான்தான் ஒத்தடம் குடுத்தேன் மிஸ்ஸி."

"தெரியும்மா."

"அப்பறம் ஏன் அவன் அப்படித் திட்டறப்ப சும்மா நின்னீங்க?"

"நாளைக்கும் அவளுக்குச் சோறு போடப்போறது நீங்கதானே. நானா வந்து போடப்போறேன்?"

அவர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "நல்லா ஆகணும்னுதான் மிஸ்ஸி செஞ்சேன்" என்றார். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அதுதான் எனக்கு வருத்தமாகவும் இருந்தது. அந்தக் கைக்கு இனிமேல் ஏன் சூடு ஆகாது, அழுத்தித் தேய்ப்பது ஏன் ஆகாது, இறுக்கிக் கட்டுவது ஏன் ஆகாது என்று மெதுவாகச் சொன்னேன். இந்த முறை அவர் தலையாட்டவில்லை. கேட்டார்.

அப்போது ஏதோ தோன்றி நான் கேட்டேன்.

"ஏம்மா, பிள்ள பெத்தவ பகல்ல தூங்கலாமா?"

அவர் பதறிப்போனார். "அய்யோ, கூடவே கூடாது! ஒடம்புல நீர் கோத்துக்கும். கண்ணு சொக்கினாலும் ஒக்காத்தி வச்சுப் பேச்சுக் குடுப்போம்."

"அப்ப இவள மட்டும் ஏன் பகல் பூரா தூங்க விடறீங்க?"

"அவ சீக்காளியாச்சே மிஸ்ஸி, பாவமா இருந்துச்சு" என்றார்.

"பத்தியத்துல பாதிய வச்சுக்கிட்டுப் பாதிய விட்டுட்டீங்களே."

அந்த அம்மாவை உலகத்தில் யாரும் அப்படிக் குறை சொன்னதில்லை. வேறு எதைச் சொல்லியிருந்தாலும் பொறுத்திருப்பார். அரைகுறைப் பத்தியம் என்று சொன்னதை அவரால் தாங்க முடியவில்லை. "என்னென்ன வுட்டேன், சொல்லுங்க" என்று நிமிர்ந்து உட்கார்ந்தார்.

சொன்னேன். பகல் தூக்கம் ஆகாது. காலையில் வெயில் ஏறும் முன் நடை. சுவரில் கை ஏற்றுவது தப்பவே கூடாது. சுடு கல் ஆகாது, கட்டு ஆகாது. இரவில் வலது கைக்கு அடியில் தலையணை. நரம்பு எரிச்சலுக்கு டாக்டர் கொடுத்த மாத்திரை நேரத்துக்கு. பூண்டுக் குழம்பு தாராளமாகப் போடலாம். சுறாப் புட்டை மட்டும் விட்டுவிடச் சொன்னேன். காரணம் கேட்டார். "அவளுக்குப் பிடிக்கலையாம்" என்றேன். ஒரு கணம் யோசித்தவர், சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டார். காரணம் அவருக்கும் விளங்கிவிட்டது.

கை வீக்கம் வற்றிக் காய்ச்சல் விட்டு மல்லிகா வீட்டுக்குப் போனபோது, அங்கே ஆட்சி மாறியிருந்தது. தோட்டத்தில் விடிகாலையில் எல்லோரையும் வரிசையில் நிறுத்திப் பேர் கூப்பிடுவதைப் பெரட்டு என்பார்கள். மாமியார் வீட்டுக்குள் பெரட்டு வைத்தார். மருமகளை எழுப்பி, பக்கத்துப் பூங்காவைச் சுற்றி நடக்க வைத்து, சுவர் முன்னால் நிறுத்திக் கையை ஏற்றச் சொன்னார். நேற்று எட்டிய இடத்தில் கரித்துண்டால் ஒரு கோடு இழுத்து, இன்று அதைத் தாண்டச் சொன்னார். மத்தியானம் கண் சொக்கினால் எதிரே உட்கார்ந்து சொந்தக்காரர் கதையெல்லாம் சொன்னார். நானும் டாக்டரும் சேர்ந்து வாதாடி முடியாததை, சொந்தக்காரர்களைப் பற்றிய வம்பு சாதித்தது. மெல்ல மெல்ல இரவுத் தூக்கம் திரும்பியது.

"அக்கா, பழைய பத்தியமே தேவலாம் போல இருக்கு" என்றாள் மல்லிகா. ஆனால் கை தலைக்கு மேல் போனது. டாக்டர் பார்த்து, ஓட்டலாம் என்றார். பள்ளி திறந்த அன்று வேனில் ஓட்டுநர் இருக்கையில் அவள்தான் உட்கார்ந்திருந்தாள். கொழுந்தன் வேறு வேலை தேடிக்கொண்டான். நல்லவன், அதனால் சீக்கிரம் கிடைத்தது.

இங்கேயே கதையை முடித்தால் உங்களுக்கும் எனக்கும் நல்ல பெயர். நானும் அப்படித்தான் முடிக்க இருந்தேன். வலியைக் காட்ட நம்மிடம் ஓர் அட்டை உண்டல்லவா, சிரிக்கிற மூஞ்சியில் தொடங்கி அழுகிற மூஞ்சியில் முடிவது? சில மாதங்களாக மல்லிகா சிரிக்கிற மூஞ்சியையே தொட்டுக்கொண்டிருந்தாள். மாமியார் பக்கத்தில் நின்று அதைப் பார்த்து மகிழ்ந்தார். நாங்களும் மகிழ்ந்தோம். சிரிக்கிற மூஞ்சியை நோயாளி தொட்டால் சந்தேகப்படுகிற அளவுக்கு நமக்கு யாரும் சம்பளம் தருவதில்லை.

கடைசித் தடவை என்று சொல்லிக்கொண்டு அவர்கள் வந்தது ஒரு காலை நேரம். பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கிவிட்டு, அந்த வேனிலேயே மாமியாரை ஏற்றிக்கொண்டு மல்லிகா வந்திருந்தாள். வரிசையில் அவர்கள் முறை வரும்போது மதியம் நெருங்கிவிட்டது. மாமியார் கை நிறையப் பலகாரம். "ஆயிருச்சு மிஸ்ஸி, நம்ம புள்ள நல்லாயிட்டா. இனிமே எதுக்கு உங்களத் தொந்தரவு பண்ணணும்" என்று சொல்லிவிட்டு, வெளியே தாதிகளுக்குப் பலகாரம் பங்கு வைக்கப் போனார். மல்லிகாவை விடுவித்து அனுப்ப வேண்டியதுதான் பாக்கி. சம்பிரதாயத்துக்கு அட்டையை நீட்டினேன். அவள் இடது கையால் சிரிக்கிற மூஞ்சியைத் தொட்டாள். வலது கைக்காரி அவள். வலது கை மடியில் அசையாமல் கிடந்தது. பல்லைக் கடித்திருந்தது தாடையில் தெரிந்தது.

"மல்லிகா, அத்தை வெளிய இருக்காங்க. இப்ப சொல்லு."

அவள் கதவை ஒரு தடவை பார்த்துக்கொண்டாள். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

"வலி போகல அக்கா. கொறஞ்சிருக்கு, ஆனா போகல. சில நாளு ஸ்டீரிங் திருப்பறப்ப உயிர் போகுது. சொன்னா மறுபடியும் படுக்க வச்சிருவாங்க."

இத்தனை பேர் அவளைச் சுற்றி நின்று அக்கறைப்பட்டோம். அவளுக்கு வலியைவிட எங்கள் அக்கறை பெரிய பயமாக இருந்திருக்கிறது. அவளை விடுவிக்கிற எண்ணத்தைக் கைவிட்டேன். மாத்திரையை மறுபடி பார்க்க டாக்டரிடம் நாள் கேட்டேன். அப்புறம், மல்லிகா வேண்டாம் வேண்டாம் என்று கண்ணைக் காட்டக் காட்ட, "அவங்களுக்கும் தெரியணும் மல்லிகா. நான் சொல்லவா?" என்று கேட்டேன். வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டு, "சொல்லுங்க" என்றாள்.

மாமியாரை உள்ளே கூப்பிட்டு நேரடியாகச் சொன்னேன். வலி இருக்கிறது. நோய் திரும்பவில்லை; அதைப் பார்த்தாயிற்று. வெட்டுப்பட்ட நரம்பு கொடுக்கிற வலி இது. இன்னும் குறையலாம், ஒரேயடியாகப் போகாமலும் இருக்கலாம். அந்த வலியோடுதான் அவள் நடப்பாள், தூங்குவாள், வேன் ஓட்டுவாள். படுத்துக் கிடந்தால் கூடும்.

"ஏண்டி என்கிட்ட சொல்லல?"

மல்லிகா தரையைப் பார்த்தாள். அந்த அம்மா தன் தோளைத் தொட்டார். பிறகு, யாரிடம் என்றில்லாமல் பேசினார்.

"பால்மரத்துல ஒசரத்துல கத்தி போட்டுப் போட்டு எனக்குத் தோளு இந்தா இங்க வலிக்கும். வலிக்குதுன்னு சொன்னா அன்னிக்கு வேலைக்கு விட மாட்டான் கங்காணி. வேல இல்லன்னா கூலி இல்ல. வாயே தொறந்ததில்ல நான்." மருமகளைப் பார்த்தார். "அப்ப இவளுக்கு நான்தான் கங்காணியா மிஸ்ஸி?"

நல்லவேளை, அவர் என் பதிலுக்காகக் காத்திருக்கவில்லை. மருமகள் பக்கத்தில் போய் நின்றார்.

"இனிமே வலிச்சா வலிக்குதுன்னு சொல்லு. படுக்கச் சொல்ல மாட்டேன்."

மல்லிகா நிமிர்ந்து பார்த்தாள். நம்பலாமா வேண்டாமா என்று அளந்த பார்வை அது.

"இப்ப வலிக்குது அத்தை."

அந்த அம்மாவின் கண் தானாக அறையில் இருந்த கட்டில் பக்கம் போனது. பழக்கம், என்ன செய்வது. பார்த்தார், பிறகு மருமகளின் கைப்பையை எடுத்துத் தன் தோளில் மாட்டிக்கொண்டார்.

"சரி, வா. ஸ்கூல் விடப் போறாங்க. வண்டிய எடு."